மங்கலான கோட்டில் என் பங்கு

கோட்டைமேடு, கோயம்புத்தூர்
வியாழக்கிழமை, அஸர் தொழுதுவிட்டு

அன்பு மகள் யுஸ்ராவுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் உன் அத்தாவும் சுகம். லீட்ஸில் நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் அந்தக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சுகம் என்று நான் எழுதினால் நீ நம்ப மாட்டாய் என்று தெரியும், அதனால் விவரமாகவே சொல்கிறேன், அத்தா இப்போது யாரையும் பிடிக்காமல் மாடிப்படி ஏறுகிறார், காலையில் தானே போய்ப் பால் வாங்கி வருகிறார், போன வெள்ளிக்கிழமை பிரியாணியில் உப்பு பத்தவில்லை என்று சொல்லி என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். குறை சொல்லத் தெம்பு வந்துவிட்டது என்றால் உடம்பு தேறிவிட்டது என்றுதான் அர்த்தம். பிளேட்லெட்டும் சரியான அளவுக்கு வந்துவிட்டது, ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து மாப்பிள்ளைக்கு அனுப்பியிருக்கிறேன், உனக்கு அனுப்பினால் நீ என்னைக் குறுக்கு விசாரணை செய்வாய்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ என்னைப் பேச விடுவதில்லை, நான் உன்னைப் பேச விடுவதில்லை, நடுவில் சின்னவன் போனைப் பிடுங்கி நக்குகிறான். போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்ட கேள்வி என் மனதை விட்டுப் போகவே இல்லை. அத்தாவைச் சாகக் கொடுக்கப் பார்த்த கம்பெனிக்கா நீங்க காசு போடறீங்க, உங்களுக்குப் புத்தி பிசகிருச்சா என்று கேட்டாய், கேட்டுவிட்டு அழுதாய், நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாய். நீ கேட்டது நியாயம். அவர் ஐசியுவில் கிடந்தபோது லீவும் கிடைக்காமல் டிக்கெட்டும் கிடைக்காமல் ராத்திரி பகலாகப் போன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தவள் நீ. உனக்குப் பதில் சொல்ல நான் கடமைப்பட்டவள், அதனால் முழுதாகச் சொல்கிறேன், நடுவில் குறுக்கே பேசாமல் படி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காசு போடுகிறேன், அதில் மாற்றமில்லை. ஏன் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் ரத்தப் பரிசோதனை லேபை அந்தப் பெரிய கம்பெனிக்கு விற்றது உனக்குத் தெரியும். விற்ற அன்றிலிருந்து தாரிக் மாமா சரவணம்பட்டியில் பிளாட் வாங்கு அக்கா, வாடகை வரும் என்று காதில் ஓதிக்கொண்டே இருக்கிறான். அந்தச் சமயத்தில்தான் ரங்கராஜ் வந்தான். கருமத்தம்பட்டிக்காரன், எஞ்சினியர், கொரோனா சமயத்தில் ரேபிட் கிட் செய்ய ஆரம்பித்து, கொரோனா போனதும் மற்றவர்கள் எல்லாம் கடையைக் கட்டியபோது இவன் மட்டும் டெங்குவுக்கு மாறிக்கொண்டான். ஒரு சொட்டு ரத்தம் விட்டால் கால் மணி நேரத்தில் கோடு போட்டுக் காட்டுகிற அந்தச் சின்ன அட்டைதான், கோடு வந்தால் டெங்கு, வராவிட்டால் இல்லை. கம்பெனியைப் பெரிதாக்கப் பணம் வேண்டும், வட்டி போட்டுத் தருகிறேன் என்றான். வட்டி பேச்சு நம் வீட்டில் கிடையாது தம்பி, கொடுத்தால் பங்குதான், முதலில் உன் சரக்கைப் பற்றி நாலு பேரிடம் விசாரிக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். விசாரித்தேன். இத்தனை வருடம் லேப் நடத்தியவளுக்கு ஆட்களுக்கா பஞ்சம், உக்கடத்தில் கேட்டேன், பொள்ளாச்சியில் கேட்டேன், பவானியில் கேட்டேன். டாக்டர், டெக்னீஷியன், மருந்துக்கடைக்காரர் எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள். பரவாயில்லீங்க. நம் தெருமுனை கிளினிக்கில் இருக்கிற ஹுமேராவிடமும் கேட்டேன், என்னிடம் தொழில் படித்த பெண், பொய் சொல்லத் தெரியாதவள், அவளும் பரவாயில்லீங்க மாமி என்றாள். இத்தனை பேர் சொல்கிறார்களே என்று எனக்கும் பாதி மனது வந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் அத்தாவுக்குக் காய்ச்சல் வந்தது. நான் பவானியில் ஒரு நிக்காஹுக்குப் போயிருந்தேன். அவர் தனியாகவே கிளினிக்குக்குப் போயிருக்கிறார், ஹுமேராதான் ரத்தம் எடுத்து ரங்கராஜின் அட்டையில் விட்டிருக்கிறாள். மங்கலாக ஒரு கோடு வந்திருக்கிறது. மங்கலாக வந்தாலும் கோடு கோடுதான், டெங்கு என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும், அந்தப் பாடத்தை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான். ஆனால் அவள் அத்தாவிடம் சொன்னது வேறு. கோடு மாதிரி ஒண்ணு தெரியுதுங்க மாமா, அது இந்தக் கிட்டுல எல்லாத்துக்கும் வர்றதுதானுங்க, பயப்படாதீங்க என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டாள். அவரும் நிம்மதியாகப் போய்க் கடையைத் திறந்து உட்கார்ந்துவிட்டார். அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும், கடையிலேயே மயங்கி விழுந்ததும், ஈறில் ரத்தம் வந்ததும், ஆஸ்பத்திரியும். அதை மறுபடி எழுத எனக்கு மனமில்லை.

வீட்டுக்கு வந்து அவர் கஞ்சி குடித்துத் தூங்கின பிறகு ஹுமேராவைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டேன். எல்லாத்துக்கும் வருதுன்னா என்னடி அர்த்தம் என்று. அழுதுகொண்டே சொன்னாள், மழைக்காலம் ஆரம்பித்ததிலிருந்தே அந்தக் கிட்டில் காய்ச்சல் இல்லாதவனுக்கும் மங்கலாக ஒரு கோடு விழுகிறதாம், பார்த்துப் பார்த்துப் பழகி அதைக் கணக்கில் எடுப்பதையே விட்டுவிட்டார்களாம். அத்தாவுக்கு வந்தது நிஜமான கோடு, அதுவும் அந்தப் பொய்க் கோடுகளோடு சேர்ந்து குப்பைக்குப் போய்விட்டது. அப்புறம் ஏன் என்னிடம் பரவாயில்லை என்று சொன்னாய் என்றேன். அவள் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், ரங்கராஜ் அண்ணன் மழையில அலைஞ்சு வந்து நல்லா இருக்குங்களான்னு கேட்டாங்க மாமி, மூஞ்சிக்கு நேரா எப்படிங்க நல்லா இல்லைன்னு சொல்றது, அதுதான் பரவாயில்லீங்கன்னு சொன்னேன், அதையே உங்ககிட்டயும் சொல்லிப்போட்டேன் என்றாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் ஊர் ஊராகப் போய்ச் சேகரித்து வந்தது நற்சான்று இல்லை கண்ணு, மரியாதை. நம் ஊரில் பரவாயில்லீங்க என்றால் நன்றாக இருக்கிறது என்றும் அர்த்தம், எனக்கு வேண்டாம் உங்களை நோகடிக்கவும் வேண்டாம் என்றும் அர்த்தம். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்குக்கூடக் காசு போடுகிற ஆசையில் முதல் அர்த்தம்தான் காதில் விழுந்திருக்கிறது.

கிளினிக்கில் மிச்சமிருந்த கிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு நேராகக் கருமத்தம்பட்டிக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன், ஆட்டோவில் போகும்போதே என்னென்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். ரங்கராஜ் பெட்டியை வாங்கிப் பிரித்து, தன் விரலிலேயே குத்தி ரத்தம் எடுத்து, அட்டையில் விட்டு, முன்னால் உட்கார்ந்துகொண்டான். காய்ச்சலே இல்லாத அவனுக்கும் மங்கலாகக் கோடு வந்தது. மற்றொன்று பிரித்தான், அதிலும் வந்தது. ஏனுங்கம்மா, மாசாமாசம் எல்லா எடத்துலயும் கேட்டுட்டுத்தானுங்க இருக்கறேன், ஒருத்தர்கூடச் சொல்லலீங்களே என்று சொல்லி முகத்தைக் கையில் பொத்திக்கொண்டான். அவனும் ஊருக்கெல்லாம் போய் மரியாதையைத்தான் வாங்கி வந்திருக்கிறான். பிறகு இரண்டு பேருமாக ஷெட்டைச் சுற்றிப் பார்த்தோம். அட்டைக்குள் இருக்கிற அந்தப் பட்டையைக் காய வைக்கிற அறையில் துளி ஈரம் இருக்கக் கூடாது. அவன் அறையின் பின்சுவருக்கு அந்தப்பக்கம் வேறொருவருடைய தறி ஷெட். நூல் அறுந்துபோகாமல் இருக்க அங்கே தரையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்கிறார்கள். நம் பக்கத்துச் சுவரில் உள்ளங்கையை வைத்தேன், சில்லென்று இருந்தது. மழைக்காலத்தில் அந்த ஈரம் அறைக்குள் இறங்கிப் பட்டையைக் கெடுத்திருக்கிறது. பக்கத்து ஷெட்காரர் மேல் குற்றமில்லை, அவர் தொழிலுக்கு ஈரம் வேண்டும், நம் தொழிலுக்கு ஆகாது. வேறு இடம் பார்த்துப் புதிதாக ஈரமில்லாத அறை கட்ட வேண்டும், அதற்குத்தான் பணம்.

அங்கேயே நின்று அவன் யாருக்கோ போன் போட்டு நடந்ததைச் சொன்னான், வைத்துவிட்டு என்னிடம் விவரம் சொன்னான். சென்னையிலிருந்து ஒருவர் முதல் போடத் தயாராக இருக்கிறாராம், ஆனால் வெளியே போன சரக்கைத் திரும்ப எடுக்கக் கூடாது, எடுத்தால் பேர் கெட்டுவிடும், புதுச் சரக்கு வர வரப் பழசு தானாகத் தீர்ந்துவிடும் என்கிறாராம். நீ என்ன சொன்னே தம்பி என்று கேட்டேன். முடியாதுன்னு சொல்லிப்போட்டேனுங்கம்மா, இப்ப அவரும் போயிட்டாருங்க, கம்பெனியும் போயிரும் போல இருக்குதுங்க என்றான். யாரும் அவனை மெச்சிக்கொள்ள அங்கே இல்லை, நானும் காசு தருவதாகச் சொல்லவில்லை, திட்டத்தான் போயிருந்தேன். அந்த இடத்தில்தான் நான் முடிவெடுத்தேன் யுஸ்ரா. நீ அனுப்பிய கோட்டுப் படத்தைப் பார்த்தேன், கிட்டுக் கம்பெனிகளின் பங்கு விலை கொரோனாவில் மலையேறி அப்புறம் பள்ளத்தில் விழுந்ததை. நீ முதலீட்டுக் கம்பெனியில் வேலை பார்க்கிறவள், உன் கணக்கு சரியாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் படத்தில் இருக்கிறவர்கள் ஒரு முறை வந்து போன நோய்க்குக் கடை போட்டவர்கள். டெங்கு ஒவ்வொரு மழைக்கும் வருகிறது, எலிக்காய்ச்சல் வருகிறது, டைபாய்டு வருகிறது. காய்ச்சலோடு வருகிறவனுக்கு அன்றைக்கே பதில் சொல்லச் சரியான கிட் யாராவது செய்துதான் ஆக வேண்டும். தவறு எங்கே என்று தெரிந்து, அதை மூடி மறைக்க மாட்டேன் என்றவன் செய்வது, இன்னும் தவறே செய்யாத புதியவன் செய்வதைவிட எனக்கு நம்பிக்கையாக இருக்கிறது.

வட்டிக்குக் கொடு அக்கா, பாதுகாப்பு என்றான் தாரிக் மாமாகூட, பிளாட் பேச்சு எடுபடவில்லை என்றதும். மார்க்கத்தில் கூடாது என்பது இருக்கட்டும், கொஞ்சம் யோசித்துப் பார். வட்டிக்குக் கொடுத்தால் கிட் சரியாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதம் பிறந்தால் எனக்குப் பணம் வந்துவிடும், அப்புறம் நான் எதற்கு அங்கே போய்ச் சுவரைத் தொட்டுப் பார்க்கப் போகிறேன். பங்கு என்றால் அவன் விழுந்தால் நானும் விழ வேண்டும், அதனால் ஒவ்வொரு பெட்டியையும் திறந்து பார்ப்பேன். நம் பெரியவர்கள் பங்கு என்று வைத்தது சும்மா இல்லை. உனக்குப் பயம் வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன், வீட்டைத் தொடவில்லை, ஹஜ்ஜுக்கு வைத்ததைத் தொடவில்லை, லேப் விற்றதில் ஒரு பகுதிதான், அது மொத்தமும் போனாலும் நாங்கள் பட்டினி கிடக்க மாட்டோம். அத்தாவிடம் சம்மதம் கேட்டேன், அவருக்குத்தானே முதல் உரிமை. போடறதுன்னா கூடப் போய் உக்காரு, காசை மட்டும் குடுத்துப்போட்டு ஊட்டுல உக்காந்துக்காதே, அப்புறம் எனக்கு நடந்தது இன்னொருத்தனுக்கு நடக்கும் என்றார். அதற்குமேல் எனக்கு யார் சம்மதமும் தேவையில்லை, உன்னுடையதைத் தவிர.

நான் வைத்த நிபந்தனை ஒன்றுதான், என் பணம் உள்ளே வருவதற்கு முன்னால் கெட்ட சரக்கு மொத்தமும் திரும்பி வர வேண்டும். ரங்கராஜ் மருந்துக் கட்டுப்பாட்டு ஆபீசுக்கு எழுதிப் போட்டுவிட்டு, எல்லா இடத்துக்கும் போன் செய்தான். அதற்கு வந்த பதிலைக் கேட்டால் உனக்கே சிரிப்பு வரும். இருக்கட்டுங்க, எதுக்குங்க நீங்க சிரமப்படறீங்க, பரவாயில்லீங்க என்கிறார்கள். கெட்டுப்போன கிட்டைத் திருப்பிக் கொடுக்கக்கூட மரியாதை தடுக்கிறது. அப்புறம் நானே வேன் பிடித்துக்கொண்டு கிளம்பினேன். பொள்ளாச்சியில் ஒரு டாக்டர் டீ கொடுத்தார், இளநீர் கொடுத்தார், கிளம்பும்போது தேங்காய்கூடக் கட்டிக் கொடுத்தார், கிட்டுப் பெட்டியை மட்டும் கொடுக்க மாட்டேன் என்கிறார், உங்களுக்கு நஷ்டமாயிருமுங்க என்று. நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்று, எங்க ஊட்டுக்காரர் இந்தக் கோட்டால செத்துப் பொழைச்சு வந்திருக்காருங்க, எடுத்துக் குடுங்க என்றேன். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது, எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. அவரே தூக்கிக்கொண்டு வந்து வேனில் வைத்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு இடத்திலும் முதலிலேயே அதைச் சொல்லித்தான் ஆரம்பித்தேன். சுற்றி முடிப்பதற்குள் இடுப்பு போய்விட்டது, ஆனால் ஒரு பெட்டி மிச்சமில்லாமல் வந்து சேர்ந்தது. எல்லாவற்றையும் எரித்தார்கள், நான் நின்று பார்த்தேன்.

இப்போது நீலாம்பூர்ப் பக்கம் வேறு கட்டிடம், ஒட்டின சுவரே இல்லாத கட்டிடம், காய வைக்கும் அறை தயாராகிவிட்டது. வாரத்தில் பாதி நாள் நான் அங்கேதான். இரண்டு விஷயம் மாற்றியிருக்கிறேன். விற்கப் போகிற பையன்கள் இனி யாரிடமும் நல்லா இருக்குங்களா என்று கேட்கக் கூடாது, என்ன குறைங்க என்றுதான் கேட்க வேண்டும், குறை இல்லாமல் திரும்பி வந்தால் உள்ளே விட மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். இன்னொன்று, பெட்டியின் மேல் புகார் சொல்ல ஒரு போன் நம்பர் தமிழில் பெரிதாக அச்சடித்திருக்கிறது, அது என் நம்பர். ஆபீஸ் நம்பராகப் போடலாமுங்கம்மா என்று ரங்கராஜ் சொன்னான். வேண்டாம், எவனோ எடுத்துச் சரிங்க சரிங்க என்று சொல்லி வைத்துவிடுவான் என்றேன். புது அட்டையில் கொஞ்சத்தை விற்காமல் பார்த்துச் சொல்வதற்கு மட்டும் நாலு இடத்துக்கு அனுப்பினோம். ஒரு வாரமாகப் போன் வரவே இல்லை. மறுபடியும் எல்லாரும் மரியாதையில் இறங்கிவிட்டார்கள் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்றுக் காலையில் ஹுமேரா போன் செய்தாள். ஸலாம் சொன்னாள், மாமாவுக்கு எப்படிங்க இருக்குது என்று கேட்டாள், அப்புறம் சின்னவனைப் பற்றி விசாரித்தாள். விஷயத்தைச் சொல்லுடி என்றேன். மாமி, நல்லா இல்லீங்க என்றாள். கோடு சுத்தமா வருதுங்க, பொய்க் கோடு ஒண்ணுகூட இல்லீங்க, ஆனா ரத்தத்து மேல மருந்துத்தண்ணி சொட்டு விடற அந்தப் பாட்டில் மூக்கு பெருசா இருக்குதுங்க, தண்ணி அதிகமா விழுந்து ரத்தம் நீர்த்துப்போகுது, இதை மாத்தற வரைக்கும் நான் யாருக்கும் போட மாட்டேனுங்க மாமி, நீங்க கோவிச்சுக்கிட்டாலும் சரிங்க என்றாள். நான் சமையல்கட்டில் நின்றபடியே அழுதுவிட்டேன். அத்தா பயந்துபோய் ஓடி வந்து யார் மௌத்து என்று கேட்கிறார். யாரும் சாகவில்லை, ஒரு பெண் வாயைத் திறந்திருக்கிறாள் என்றேன். உடனே ரங்கராஜுக்குச் சொல்லிப் பாட்டில் மாற்றுகிற வரை ஒரு பெட்டிகூட வெளியே போகக் கூடாது என்று நிறுத்தியாகிவிட்டது. நல்லா இல்லீங்க என்கிற அந்த ஒரு வார்த்தையை யாராவது மழை ஆரம்பித்ததுமே சொல்லியிருந்தால் உன் அத்தா அந்தக் கட்டிலில் கிடந்திருக்க மாட்டார், நீ அங்கே அப்படித் துடித்திருக்க மாட்டாய். நீ கேட்டாயே எதற்குப் பணம் போடுகிறீர்கள் என்று, அந்த வார்த்தைக்குத்தான் கண்ணு.

சின்னவனுக்கு அடுத்த தடுப்பூசி எப்போது என்று எழுது, தள்ளிப் போடாதே. காய்ச்சல் என்றால் கூகுளைப் பார்க்காதே, டாக்டரைப் பார். மாப்பிள்ளைக்கு ஸலாம் சொல், அவர் கேட்ட இட்லிப் பொடியும் உனக்கு நார்த்தங்காய் ஊறுகாயும் அடுத்த வாரம் பக்கத்து வீட்டுப் பையன் மான்செஸ்டர் வரும்போது கொடுத்துவிடுகிறேன், அவனிடம் பேசி வாங்கிக்கொள். அல்லாஹ் உங்கள் மூன்று பேருக்கும் நீண்ட ஆயுளையும் நல்ல உடம்பையும் ஹலாலான சம்பாத்தியத்தையும் தரட்டும், உன் கையில் பரக்கத் உண்டாகட்டும். இதையெல்லாம் படித்த பிறகும் அம்மா செய்வது தப்பு என்று உனக்குத் தோன்றினால் எனக்காக மனதுக்குள் வைத்துக்கொள்ளாதே. போன் செய்து நேராகத் திட்டு, எத்தனை நேரமானாலும் கேட்கிறேன்.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும் அம்மா,
மெஹராஜ்